பதினோரு விநாடி

நோயாளியை வீட்டில் பராமரிக்கக் கற்றுத்தரும் இணையக் காணொளிப் பாடத்தை அல்போன்சாதான் வடிவமைத்திருந்தாள். வெளியூர் மாணவர் ஒருவர் அதன் கடைசிப் பதினோரு விநாடியை மட்டும் பத்து நிமிடமாகத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது அவள் திரையில் தெரிந்தது. படுத்திருப்பவரைப் பக்கவாட்டில் புரட்டும் இடம் அது. முப்பத்தெட்டாவது முறை. முப்பத்தொன்பது. அடுத்து வரவேண்டிய, புரட்டும்போது மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்ற பகுதியை வெட்டியவளும் அவளே. "ஆறு நிமிஷத்தத் தாண்டுனா ஒருத்தனும் பாக்கமாட்டாம்மா" என்று அவசரப்படுத்தியிருந்தார் மேலாளர் செல்வின். கூப்பிட்டுச் சொல்லலாமென்றால் மாணவருக்குப் பெயரில்லை, வெறும் பதிவெண். இருப்புக்கொள்ளாமல், வெட்டிய துண்டைத் தேடியெடுத்துப் பாடத்தின் கடைசியில் ஏற்றத் தொடங்கினாள். நாற்பத்தொன்று. பாதிதான் ஏறியிருந்தது. நாற்பத்திரண்டு. "ஏறித் தொலையேன்!" என்று திரையைத் தட்டினாள். முழுதும் ஏறியது. மாணவர் ஓடவிட்ட எண்ணிக்கை நாற்பத்திரண்டிலேயே நின்றிருந்தது.