முடுக்கிய வேகம்

ஆய்வுகூட மேசையில் எஃகுச் சாடி கடகடவென்று சுழல்கிறது. செப்பு உப்பையும் வெள்ளைத் தூளையும் உள்ளிருக்கும் குண்டுகள் தண்ணீரில்லாமல் அரைக்கின்றன. மெல்ல அரைபட்டால் வாழைக்கு மருந்தாகும் என்று சொல்லிவிட்டு மகள் நிஷானி வெளியே போயிருக்கிறாள். நீர்வேலியிலுள்ள வாழைத் தோட்டம் நோயில் பட்டுப்போய்க்கொண்டிருக்க, தகப்பன் லயனலுக்குப் பொறுமையில்லை. வேகக் குமிழைக் கடைசிவரை திருகிவிடுகிறார். திரும்பி வந்தவள் சூடேறிய சாடியைத் திறக்கிறாள். பச்சையாக இருக்கவேண்டிய தூள் கரியாகக் கிடக்கிறது. “உந்தச் சாடியை ஆர் தொட்டது, பப்பா?” “மாட்டுவண்டில் மாதிரிச் சுத்திச்சுது. நான்தான் முடுக்கிவிட்டனான்.” “சூட்டிலை எரிஞ்சுபோச்சு. வெள்ளைத் தூளும் முடிஞ்சுது. இனி மாரி கழிஞ்சுதான் வரும்.” அதுவரை வாழை நிற்காது. மருந்து தடவிப் பார்க்கக் கொண்டுவந்த நோயிலையை லயனல் எடுத்துச் சுருட்டுகிறார். அது விரல்களுக்குள் பொடிகிறது.