ஆள் நடமாட்டம் இல்லை

போனில் எடுத்த முதல் படத்தில் அவருடைய நிழல்தான் விழுந்திருந்தது.

காலை வெயிலில் நீளமாக, தலையில் துண்டோடு. நிழலுக்கு அப்பால் தேரி மணல்மேட்டின் செம்மண். கள்ளிவேலி இருந்த இடத்தில் அழுக்குக் கோடு மாதிரி ஏதோ ஒன்று.

அழித்தார்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் படம் பிடித்தவன் சொன்னது. அவர் இதுவரை நம்பிய ஒரே படக்காரன் அவன்தான். அந்தப் படத்திலும் அவருக்குக் கண் மூடியிருக்கும்.

இரண்டாவதும் அப்படியே. நிலத்தை எடுக்கப்போவதாக வந்த நோட்டீஸின் படத்துக்கு அண்ணன் தம்பி போல இருந்தது. உச்சி வெயிலில், ஜீப்பை விட்டு இறங்காமல் எவனோ எடுத்த படம். அதன் கீழே மூன்று வரி. எழுத்துக்கூட்டி நாலு தடவை படித்திருந்தார்.

வெற்று மணல். தாவரங்கள் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லை.

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரணை. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாமாம். வாயால் சொன்னால் எவன் கேட்பான்? அவனுக்குக் காகிதம் வேண்டும், காகிதத்தில் படம் வேண்டும். இல்லாவிட்டால் இந்த இரண்டு ஏக்கரும், முருங்கையும், வேலியும் வெயிலில் கரண்டு எடுக்கிற கம்பெனிக்கு.

எரிச்சலில் ஒன்றுக்கு முட்டியது. வேலியைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஒதுங்கினார்.

முடித்துவிட்டுத் திரும்பினார்.

கள்ளி எரிந்துகொண்டிருந்தது.

சப்பாத்தி மடல்களின் விளிம்பெல்லாம் வெள்ளி. முள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிக்கொள் என்பதுபோல நின்றது. எருக்கிலைக்குள் நரம்பு ஓடுவது தெரிந்தது. வெடித்த காயிலிருந்து ஒரு பஞ்சு கிளம்பி, வெளிச்சத்தில் சற்று நின்று, போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கை முழுக்கப் பச்சைப் பொடி.

நாற்பது வருஷம். எல்லாவற்றையும் கிழக்கே நின்றே பார்த்திருக்கிறார். அதுவும் ஆடு நுழைகிறதா என்று.

"ஏட்டி அன்னப்பழம்! இங்க வா."

மனைவி வந்தாள். பார்த்தாள். காற்று மாதத்தில் மணல் ஏறி முருங்கையை மூடாதிருக்க, மடல் மடலாகக் கள்ளியை ஊன்றியவள் அவள்தான்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நின்று எடுத்தார். பாதிக்கு மேல் வானம்.

குனிந்து எடுத்தார். பரவாயில்லை.

மணலில் குப்புறப் படுத்தார். இடுப்பு ஏசியது. ஏசட்டும். இப்போது வேலி வானத்தை மறித்துக்கொண்டு எழுந்து நின்றது.

அவள் எட்டிப் பார்த்தாள். "படத்துல கல்லு விழுதுங்க. தள்ளி எடுங்க. அசிங்கமா இருக்கு."

இடது ஓரத்தில் சர்வே கல். போன மாதம் அளக்க வந்தவர்கள் நட்டுவிட்டுப் போனது. ஒரு முழம் நகர்ந்தால் போதும், படம் காலண்டரில் போடுகிற மாதிரி ஆகிவிடும்.

நகர்ந்தார். கல்லைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

கல் இல்லாவிட்டால், இது எந்த ஊர்க் கள்ளி என்று கேட்பான். கேட்கிற ஆட்கள்தான்.

ஆனால் கல்லின் முகம் கறுத்துக் கிடந்தது. சூரியன் அதற்குப் பின்னால். சிவப்பு மையில் பதினான்கு என்று எழுதியிருந்தது இருட்டுக்குள் போய்விட்டது.

எழுந்து போய் மண்ணைத் துடைத்துவிடக் குனிந்தார். எண் தெரிந்தது.

விலகினார். மறைந்தது.

நெருங்கினார். தெரிந்தது.

தன் வேட்டியைப் பார்த்தார். நேற்று வெளுத்தது. வெயில் பட்டுப் பளீரென்றிருந்தது.

அவிழ்த்துவிட்டார்.

"ஐயே, என்ன கருமம் இது! ஆராச்சும் வந்துரப் போறாவ."

"எவன் வருவான்? ஆள் நடமாட்டமே இல்லன்னு சர்க்காரே எழுதிருக்கான்லா. பிடி."

கல்லுக்கு வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்து, சூரியனுக்கு எதிராக, வெளிச்சம் கல்லில் அடிக்கும்படி வேட்டியை விரித்துப் பிடித்தாள். பட்டாபட்டி டிரவுசரோடு அவர் மறுபடி மணலில் படுத்தார். அந்தக் கோலத்தைப் பார்த்து அவளுக்குத் தோள் குலுங்கியது.

"சிரிக்காத. நம்பரு ஆடுது."

"நானா சிரிக்கேன்? வேட்டில்லா சிரிக்கி."

அடக்கிக்கொண்டாள். வேட்டி நின்றது. கல்லின் முகம் மெல்ல வெளுத்தது. பதினான்கு எழுந்து வந்தது.

முழங்கையில் எறும்பு கடித்தது. மூச்சை விடாமல் பட்டனை அமுக்கினார்.

இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

நடுவில் கல். கல்லில் எண். அதன் பின்னால், ஒரு முள் விடாமல், வேலி முழுவதும்.

வலது ஓரத்தில் வேட்டியின் நுனி வந்துவிட்டிருந்தது. சூரியன் அதை ஊடுருவியிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அவள் விரல்கள், ஐந்தும், கறுப்பாக.

"அடடா, எங் கை விழுந்துட்டே. வெயிலு ஏறதுக்குள்ள இன்னொண்ணு எடுங்க."

அவர் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போனை அணைத்து டிரவுசர் பையில் போட்டார். வேட்டியை வாங்கி, மணலை உதறி, நிதானமாகக் கட்டிக்கொண்டார்.

"போதும். பிரிண்டு போடையில வெரல வெட்டிராதன்னு ஸ்டுடியோக்காரன்ட்ட சொல்லணும்."