அட்டையில்லாத ஓடை

மனிதன் பொய் சொல்லலாம், இயந்திரம் பழுதாகலாம், அட்டைப்பூச்சி மட்டுமே மெய்யுரைக்கும் என்று அரசு முழங்கியது. ஓடையில் அட்டை இருந்தால் தண்ணீர் அழுக்கு; ஊருக்கு லாரித் தண்ணீர் வரும். இல்லாவிட்டால் தூய்மை, லாரி நின்றுவிடும்.

செல்லக்கிளி வேலைபார்த்த எஸ்டேட்டின் ஓடையில் பூச்சிமருந்து கலந்து, அட்டைகூடப் பிழைக்கவில்லை. கைக்குழந்தைக்காரி அவள்; லாரித் தண்ணீர் வேண்டும். மேல்சதுப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, கடித்தவற்றைப் பிடித்துவந்து ஓடையில் விட்டாள். பரிசோதகர் கோதண்டம் வருவதற்குள் அவை செத்து மிதந்தன.

“செத்ததை எண்ணக் கூடாதும்மா.”

“ஏன் செத்துச்சுன்னு கேக்கலாமா சார்?”

“படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல.”

கரையில் உட்கார்ந்து தூய்மைச் சான்றில் கையெழுத்திட்டார். ஜீப்பில் ஏறும்போது அவருடைய கால்சட்டையின் பின்புறம் ரத்தத்தில் நனைந்திருந்தது. உயிரோடிருந்த அந்த ஒரே அட்டை, ஓடைக்கு வெளியே இருந்ததால் எண்ணிக்கையில் சேரவில்லை.