மைக்ரோவேவ் பரீட்சை

“முட்டையை ஓட்டோட அப்படியே உள்ள வைக்கலாமா?” என்று கேட்டார் அந்த அம்மாள், மைக்ரோவேவை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு.

“வைக்கவே கூடாது மேடம்! உள்ள ஆவி சேர்ந்து, வெளிய வர வழியில்லாம, டமார்!” கணவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

மனைவி அவன் முழங்கையை இடித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

தத்தெடுக்க விண்ணப்பித்தவர்களின் வீட்டை அதிகாரி நேரில் வந்து பார்ப்பது வழக்கம். போன வருஷம் வந்தவர், குட்டை ஸ்டூல் மேல் இருந்த மைக்ரோவேவை ஒரு பார்வை பார்த்தார். ‘சமையலறை குழந்தைக்குப் பாதுகாப்பானதல்ல’ என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரி ஒரு வருஷத்தை விழுங்கியது. இப்போது நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் புகைப்படம் வந்திருக்கிறது. இந்த முறையும் தவறினால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதனால் பெட்டி இப்போது அவள் நெஞ்சு உயரத்தில், சுவர்ப் பலகை மேல் இருந்தது. அதோடு வந்த கையேட்டை இருவரும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் உருப்போட்டிருந்தார்கள்.

அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்த பத்து மணிக்குச் சரியாக வாசல் மணி அடித்தது. வாசலில் இரண்டு பேர். முன்னால் கையில் ஃபைலோடு இந்த அம்மாள். பின்னால் தோள்பையோடு ஒருவர்.

“உங்க வீட்டுல மைக்ரோவேவ் இருக்குதுங்களா?” இதுதான் அம்மாளின் முதல் பேச்சு. அவள் ஃபைலைப் பார்த்தாள். போன வருஷ அறிக்கையைக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறாரே!

கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். “வாங்க டிரைவர் அண்ணே. நம்ம தொழில்காரரைப் பார்த்தாலே தெரியாதா? நீங்க இப்படி உக்காருங்க.” அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கையில் பேப்பரைத் திணித்துவிட்டு, அம்மாளைச் சமையலறைக்கு அழைத்து வந்துவிட்டான்.

கேள்விகள் ஓய்ந்தபாடில்லை.

“ஸ்டீல் டம்ளர்?”

“கூடாதுங்க, பொறி பறக்கும்,” என்றாள் அவள்.

“தங்க ஓரம் போட்ட கப்பு?”

“அதுவும் உலோகம்தானே, வேண்டாம்.”

“மூடி போட்ட டப்பா?”

“இறுக்கி மூடக்கூடாது. ஆவி போக வழி விடணும்.”

“வெறும் தண்ணி?”

“ரொம்ப நேரம் வெச்சா, கொதிக்கிறதே கண்ணுக்குத் தெரியாதுங்க. கரண்டி பட்டதும் பொங்கிக் கையில கொட்டிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் எடுக்கணும்.”

“ஸ்டீல் டம்ளர் கூடாதுன்னீங்கல்ல?”

“நாலாவது தடவை,” என்று கணவன் அவள் காதில் முனகினான். “பாத்திரக்கடை ஏதும் வெச்சிருக்காங்களா?”

“உஷ்! நம்ம பொறுமையைச் சோதிக்கிறாங்க.”

முதல் தடவை சொல்வதுபோலவே மறுபடியும் சொன்னாள். டிரைவர் பேப்பரோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். “தண்ணி வேணுமாண்ணே?” என்றான் கணவன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“நானே ஒரு தடவை செஞ்சு பார்க்கட்டுமா?”

ஒரு துண்டு பிரெட்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார் அம்மாள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். பெட்டி சுற்ற ஆரம்பித்தது. ஸ்டீல் டம்ளருக்கு ஐந்தாவது முறை பதில் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் புகை சுருண்டது. அப்போதுதான் அவள் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்குப் பதிலாகப் பத்து நிமிஷம்!

“ஐயையோ!” அம்மாள் கதவைத் திறக்கப் பாய்ந்தார். அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

“திறக்காதீங்க! காத்து பட்டா குப்புனு பிடிச்சுக்கும்.”

கணவன் சுவர் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினான். “மூடியே இருக்கட்டும். தானா அடங்கிடும்,” என்றாள் அவள். புகை மெல்ல மெல்ல அடங்கியது.

இன்னொரு வருஷமும் புகையோடு போயிற்று என்று நினைத்தாள். ஆனால் அவள் பிடித்திருந்த அம்மாளின் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினம் நூறு பேருக்கு ஊசி குத்துகிறவள் அவள். நடுங்கும் கையை விட அவளுக்கு மனம் வரவில்லை.

“பயப்படாதீங்கம்மா. இதை வாங்கின அன்னிக்கே ஒரு பிரெட்டைக் கரியாக்கினவதான் நான்.”

கணவன் அவள் காலை மிதித்தான். போச்சு, தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நல்லவேளை, நீங்க கூட இருக்கும்போது ஆச்சு. நேத்துதான் மேல் மாடிக்குக் குடிவந்தோம். என் மக இதே பெட்டியை வாங்கிக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா. தொடவே பயம். யாரைக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் உங்க மணியை அடிச்சேன்.” ஃபைலைத் திறந்து காட்டினார். உள்ளே அதே கையேடு.

கணவனின் வாய் பிளந்தது. “அப்போ... உங்க டிரைவர்?”

“எனக்கேது டிரைவர்? படியில என் பின்னாலயே வந்தாரு. உங்க சொந்தக்காரர்னு இல்ல நினைச்சேன்!”

வாசலில் நின்றவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தோள்பையிலிருந்து குழந்தைகள் இல்லத்தின் முத்திரையிட்ட படிவத்தை எடுத்தார். “நான் கேக்க எழுதி வெச்சிருந்ததைவிட அதிகமாவே இந்தம்மா கேட்டுட்டாங்க,” என்றார் சிரித்துக்கொண்டே. “ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. பாப்பாவைப் பார்க்க எப்போ வர்றீங்க?”