நிழற்குடைக்கு வந்த பேருந்து

ஊரார் வரிப்பணத்தில் கட்டிய நிழற்குடையில் மாசிலாமணி ஒருவர்தான் நிற்பார். வழவழப்பான தரை, எஃகு இருக்கை, நெற்றியில் திறந்துவைத்தவரின் பெயர் ஆளுயர எழுத்தில். எல்லாம் இருந்தும் பேருந்து மட்டும் அங்கே நிற்காது. பழைய பழக்கத்தில் சற்றுத் தள்ளி, பரோட்டாக் கடை வாசலில்தான் நிற்கும். ஊரே அங்கே வெயிலில் வேகும், மழையில் நனையும். "இங்க வந்துருங்க சார், அங்க நிக்க மாட்டான்" என்று தினமும் யாராவது கூப்பிடுவார்கள். "நான் வரி கட்டுன எடம்யா இது. அவன்தான் இங்க வரணும்" என்பார். கை காட்டுவார். பேருந்து அவரைக் கடந்துபோய் நிற்கும். அப்புறம் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க வேலைக்குப் போவார். அன்றைக்கு அடைமழை. வழக்கம்போலக் கை காட்டினார். பேருந்து முக்கி முனகி, இருமி, சரியாக நிழற்குடைக்கு முன்னால் வந்து நின்றது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்குள், பேருந்தின் கூரை ஒழுகி உள்ளேயே நனைந்திருந்த பயணிகள் திபுதிபுவென்று இறங்கி நிழற்குடைக்குள் புகுந்தார்கள். பரோட்டாக் கடைக் கூட்டமும் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. நெருக்கியதில் மாசிலாமணி மழைக்குள் வந்து விழுந்தார். எழுந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டு, காலிப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "இன்ஜின் போச்சு சார். வண்டி இனி நகராது, இறங்குங்க" என்றார் நடத்துநர். கூரையிலிருந்து தலையில் சொட்டிய தண்ணீரை மாசிலாமணி துடைக்கவில்லை. "நிக்க வேண்டிய எடத்துல நின்னுருக்குல்ல? டிக்கெட்டக் கிழிங்க."