பூனையிடம் கணக்கு வேலை

கிடங்குப் பூனைக்குக் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த எலி ஒன்று, போகலாமா வேண்டாமா என்று மனைவியிடம் கேட்டது.

“என்ன வேலையாம்?”

“தினமும் எலிகளை எண்ணணும். குறைஞ்சா சேதாரம்னு எழுதணும். உட்கார்ந்த இடத்து வேலை.”

“பூனை உங்களைத் தின்னாதா?”

“கணக்கு எழுதுறவனை யாராவது தின்பாங்களா?”

“முன்னாடி எழுதினவர் எங்கே?”

“சேதாரத்துல இருக்கார். அவரே எழுதியிருக்கார். அழகான கையெழுத்து.”

மனைவி அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தது.

“மாசம் பிறந்தா தேங்காய்ச் சில்லு தவறாம வந்துடும்டி” என்றது எலி.

மறுநாள் அது குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியது. வாசல்வரை வந்து வழியனுப்பிய மனைவி, உள்ளே போய் ஓர் ஆள் பங்கைக் குறைத்துக்கொண்டு உலைக்கு அரிசி எடுத்தது.