மணலில் புதைந்த கார்

வேங்கிக்காலில் ஆபீசே திரும்பிப் பார்க்க, கோபி போனில் கத்தினான்.

"மஸ்கட்டுக்குப் போனமா, அக்கா வீட்ல இருந்தமானு இல்லாம, ஆளில்லாத கடற்கரைல எதுக்குக் காரை எறக்கின?"

"கடலைக் கிட்டப் பாக்கலாம்னுதான். மணல்ல சக்கரம் பொதைஞ்சிடுச்சு."

"உன்ன டிரைவிங் கத்துக்க விட்டதே தப்பு! அலை ஏறுதா?"

"ஏறுது. மணல்ல பிடிப்பு கெடைக்கட்டும்னு டயர்ல காத்தைக் கம்மி பண்ணிட்டோம். அக்கா பின்னாடி நின்னு தள்ளறா."

"காரை விட்டுட்டு ரெண்டு பேரும் மேட்டுக்கு ஓடுங்க! இனிமே ஸ்டியரிங்கைத் தொட்டா தெரியும் சேதி!"

மறுமுனையில் காசியம்மாள் சீறினாள்.

"டேய், உங்கப்பா சாகற வரைக்கும் என்னைச் சைக்கிளக்கூடத் தொட விடல. பெத்த புள்ள நீயும் அவர மாதிரியே கத்தறியா?"

போனில் எஞ்சின் உறுமியது. கூடவே அக்காவின் கூச்சல்.

"வந்துடுச்சும்மா! வண்டி மேல வந்துடுச்சு!"